மாமனார் படத்துக்குப் பின்னால்

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம்மா. அதோ, ரயில் பெட்டிக் கதவுகிட்ட நின்னு போன் பேசிக்கிட்டிருக்கால்ல, பச்சைச் சுடிதார், அவதான் என் மருமக. சிக்னல் அங்கதான் கிடைக்குதாம். அவ இந்தப் பக்கம் வந்தா நான் டக்குனு பேச்ச மாத்திடுவேன். நீங்களும் ஒண்ணும் கேக்காத மாதிரி ஜன்னலப் பாத்துக்கணும், சரியா? வடக்கத்திப் பொண்ணுதானேன்னு நினைச்சு எதையும் சொல்லிட முடியாது. நல்லாத் தமிழ் தெரியும் அவளுக்கு.

சொந்த ஊரு ஜபல்பூர். பேரு நூபுர். கொலுசுன்னு அர்த்தமாம். என் பையன் செழியனும் அவளும் ஒரே கம்பெனி. கல்யாணம் ஆகி மூணு வருஷம் ஆகுது. உறையூர்ல எங்க வீட்லதான் இருக்காங்க, வீட்லேர்ந்தே வேலை. இப்ப செழியன ஜெர்மனிக்கு அனுப்பியிருக்காங்க, வர்றதுக்கு மார்கழி ஆயிடும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. ஆக வீட்ல நானும் அவளும்தான்.

குறைன்னு ஒண்ணும் கிடையாது. குறை சொல்ற ஆள் இல்ல நான். ரசத்துல சர்க்கரை போடுவா, போடட்டும். துணிய உதறாமக் காயப்போடுவா, போடட்டும். பாத்ரூம் லைட்ட அணைக்கவே மாட்டா. இதையெல்லாம் நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கு உறுத்தினது ஒண்ணே ஒண்ணுதான். தினம் சாயங்காலம் விளக்கு வச்ச பிறகு பால்கனிக்குப் போய் அவங்கம்மாவுக்குப் போன் பண்ணுவா. எல்லாம் இந்தி. மழை கொட்டற மாதிரிப் பேசுவா. கையை ஆட்டறதென்ன, சிரிக்கறதென்ன! நடுவுல குரலத் தாழ்த்துவா. தாழ்த்திட்டு உள்ள திரும்பி என்னை ஒரு பார்வை பாப்பா. நீங்களே சொல்லுங்க, அது யாரப் பத்தின பேச்சு?

செழியன் கிளம்பறதுக்கு முன்னால கேட்டேன். "அப்படி என்னடா பேசுறா தினமும்?"னேன். "அவங்கம்மாகிட்ட பேசுறா. விடும்மா"ன்னான். விடணுமாம். பெத்து வளத்து ஆளாக்கினா விடும்மாங்கறான்.

சரி, அவன நம்பிப் பிரயோஜனம் இல்ல, நாமளே கத்துக்குவோம்னு முடிவு பண்ணிட்டேன்.

அடுத்த தெருவுல வைதேகி டீச்சர்னு ஒருத்தங்க இருக்காங்க. கேட்ல இந்தி டியூஷன்னு போர்டு தொங்கும். பிராத்மிக் பரீட்சைக்குச் சொல்லித் தருவாங்க, அதுதான் இந்தியில முதல் பரீட்சை. வர்றதெல்லாம் மூணாங்கிளாஸ், நாலாங்கிளாஸ் பிள்ளைங்க. முதல் நாள் நான் உள்ள நுழைஞ்சதும் எல்லாம் எழுந்து நின்னு "குட் ஈவினிங் மிஸ்"ஸுன்னுச்சுங்க. நானும் உக்காருங்கன்னு கையைக் காட்டிட்டுப் போய் அதுங்களுக்குப் பின்னாலயே உக்காந்தேன். பாயில முட்டி மடங்காது, அதனால எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி.

வீட்ல திருப்புகழ் வகுப்புன்னு சொல்லிட்டேன். பொய்தான். முருகன் பேர்ல சொன்ன பொய், அவன் பாத்துக்குவான். ஆனா இந்தப் பொண்ணு சும்மா இருந்தாளா? "அம்மா, இன்னிக்கிப் படிச்சதப் பாடுங்களேன்"னா. தொண்டை கட்டியிருக்குன்னேன். மறுநாளும் கேட்டா, மறுநாளும் கட்டியிருக்குன்னேன். அப்புறம் சுக்குக் கஷாயம் போட்டு எடுத்துட்டு வந்து நின்னுட்டா. அந்தக் கருமத்த எத்தனை டம்ளர் குடிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது.

புஸ்தகத்த எங்க வைக்கறதுங்கறதுதான் பெரிய தலைவலியாப் போச்சு. எங்க வீட்ல இந்திப் புஸ்தகம்னா சும்மா இல்லம்மா. என் மாமனார் அந்தக் காலத்துல ரயில்வே ஸ்டேஷன் போர்டுல இந்தி எழுத்துமேல தார் பூசி ஜெயிலுக்குப் போனவர். ரேடியோவுல இந்தியில செய்தின்னு ஆரம்பிச்சாலே சாப்பாட்டுக் கையோட எழுந்துபோய் நிறுத்துவார். கறுப்புச் சட்டையோட அவர் படம் எங்க ஹால்ல தொங்குது. அந்தப் படத்துக்குப் பின்னாலதான் சொருகி வச்சேன். அங்க போய் எவன் இந்திப் புஸ்தகத்தத் தேடப்போறான்? "மாமா, மன்னிச்சுக்குங்க, மொழிமேல ஆசைப்பட்டு இல்ல, இது குடும்ப விஷயம்"னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அந்தப் படத்த வெள்ளிக்கிழமை தவறாம நூபுர்தான் கழட்டித் துடைச்சு மாலை போடுவா. அந்த ஒரு வேலைய ஒழுங்காச் செய்வா, இல்லைன்னு சொல்லக்கூடாது.

சரி, படிக்க ஆரம்பிச்சாச்சு. என்ன படிச்சேங்கறீங்க? யஹ் கலம் ஹை. இது பேனா. வஹ் மேஜ் ஹை. அது மேசை. பேனா, மேசை, நாற்காலி, ஜன்னல், பசு மாடு. பேனா மேசைமேல இருக்கு. பசு மாடு மேசைமேல இல்ல. இத ஒரு மாசம் உருப்போட்டேன். சாயங்காலம் துணி மடிக்கற மாதிரி பால்கனித் திரைக்கு இந்தப் பக்கம் நிப்பேன். ஒரு நாளாவது அவ பேனாவப் பத்திப் பேசணுமே! மேசையப் பத்தி ஒரு வார்த்தை? ஊஹூம். அம்மாவும் பொண்ணும் அவ்வளவு நேரம் பேசுறாங்க, வீட்ல இருக்கற நாற்காலிய ஒருத்தரும் கண்டுக்கல.

பொறுக்க முடியாம டீச்சர்கிட்டயே கேட்டேன். "உறவுமுறையெல்லாம் எப்ப வரும் டீச்சர்?" "அதுக்கு இன்னும் நாள் இருக்கு. ஏன், யாரத் தெரியணும்?" "மாமியாருக்கு என்ன?" "சாஸ். மரியாதையா சாஸூ மா." எனக்கு அது போதும். மீதி வார்த்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இந்த ஒண்ணு அவ வாய்லேர்ந்து விழட்டும், அங்கேர்ந்து பிடிச்சுக்கலாம்னு காத்துக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் என் படிப்பு எங்கயோ போயிடுச்சு. சும்மா பெருமைக்குச் சொல்லல. நான் தப்பா எழுதினதெல்லாம் மறுநாள் எடுத்துப் பாத்தா பென்சில்ல சின்னதாத் திருத்தியிருக்கும். வைதேகி டீச்சர் எப்பத் திருத்தறாங்கன்னே தெரியாது. பிள்ளைங்க முன்னால என் தப்பச் சொல்லிக் காட்டக்கூடாதுன்னு அப்படி. தங்கமான மனுஷி. நன்றி சொன்னா, "நான் எங்க திருத்தினேன்?"னு ஒண்ணும் தெரியாத மாதிரி முழிப்பாங்க.

காது எப்படித் திறந்துதுன்னு கேளுங்க. மொதல்ல மழையா இருந்துதா? ரெண்டு மாசத்துல அவ பேச்சு எனக்கு ஒவ்வொரு வார்த்தையா, சொட்டுச் சொட்டா விழ ஆரம்பிச்சுது. அவ மெதுவாப் பேசற மாதிரியே தோணும். அவ்வளவு முன்னேற்றம் எனக்கு! அவங்கம்மாவுக்குக் காது மந்தம்போல, சொன்னதையே ரெண்டு தடவை சொல்லுவா. அதுவும் நமக்கு நல்லதாப் போச்சு. அப்புறம் பால்கனியில கொசு கடிக்குதுன்னு உள்ள வந்து சாப்பாட்டு மேசைல உக்காந்தே பேச ஆரம்பிச்சுட்டா. சப்பாத்தி தேய்க்கற நாள்ல கையில மாவுன்னு ஸ்பீக்கர்ல போட்டுடுவா. அவங்கம்மா பேசறதும் கேக்கும். சில பேருக்குக் கொஞ்சம்கூட சூதுவாது தெரியாதும்மா. எதிரி எதிர்லயே உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருக்கான்னு தெரியாமப் பேசுறா பாருங்க!

ஏன் சிரிக்கறீங்க? கீரைன்னதுக்கா?

இப்படியெல்லாம் பாடுபட்டு நான் என்ன கண்டுபிடிச்சேன் தெரியுமா? ஒண்ணுமில்ல. கத்தரிக்காய் விலை. பால்காரன் நேரத்துக்கு வர்றதில்ல. அவ அண்ணன் பொண்ணுக்குப் பல்லு விழுந்துடுச்சு. யாரோ ஒரு அத்தை யாரோ ஒருத்தர் கல்யாணத்துல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. மாமியார்ங்கற பேச்சே இல்ல. சாஸும் இல்ல, சாஸூ மாவும் இல்ல. எனக்கு எப்படி இருக்கும்? மூணு வருஷமா ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம். பெத்தவகிட்ட சொல்றதுக்கு என்னைப் பத்தி ஒரு சேதிகூடவா கிடைக்கல? நல்லதாத்தான் சொல்லணும்னு நான் எதிர்பாக்கல. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். பால்காரனுக்கு இருக்கற மதிப்பு எனக்கு இல்லையேன்னு அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல. நிஜமாவே அழுதேம்மா.

இருங்க, பாக்கறா போலிருக்கு... இல்ல, அந்தப் பக்கம் திரும்பிட்டா.

ஆடி மாசம் பேச்சு வேற மாதிரி ஆச்சு. சிரிப்புச் சத்தமே காணோம். ஆபரேஷன்னு காதுல விழுது, டாக்டர்னு விழுது, அதுக்கு இந்தி தேவையில்லையே. பேட்ங்கறா, அது வயிறு, உடம்பு உறுப்பெல்லாம் நான் படிச்சாச்சு. யாருக்கோ வயித்துல ஏதோ ஆபரேஷன், அது வரைக்கும் புரிஞ்சுது. அந்த அத்தைக்கா இருக்கும்னு நினைச்சேன். எனக்கு அதுல அக்கறை இல்ல, நான் சாஸுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்.

ஒரு நாள் மேசைல உக்காந்து, ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுறா. நான் எதிர்ல பூண்டு உரிச்சுக்கிட்டிருக்கேன். அவங்கம்மா கேக்கறாங்க, "கப் ஆவோகி, பேட்டி?" எப்ப வருவேம்மான்னு அர்த்தம். இவ சொல்றா, "மே நஹி ஆ சக்தி, மம்மி." என்னால வர முடியாது, மம்மி. அம்மா சொல்றாங்க, "முஜே டர் லக்தா ஹை." எனக்குப் பயமா இருக்கு. இவ திரும்பவும் சொல்றா, மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, "மே. நஹி. ஆ. சக்தி."

எனக்குத் தலைகால் புரியல. முழு வாக்கியம்! ஒண்ணு இல்ல, நாலு! ஒரு வார்த்தை விடாம, டீச்சர் உதவி இல்லாம, புஸ்தகம் இல்லாம! பூண்ட அப்படியே போட்டுட்டு, திருப்புகழுக்கு நேரமாச்சுன்னு செருப்ப மாட்டிக்கிட்டு ஓடினேன். அன்னிக்கு வகுப்பே கிடையாது எனக்கு. போய் மூச்சு வாங்க நின்னு, "டீச்சர், ஒரு பேச்சு முழுசாப் புரிஞ்சுது"ன்னு அப்படியே ஒப்பிச்சேன். பிள்ளைங்கல்லாம் கைதட்டுச்சுங்க. டீச்சருக்கும் முகம் மலர்ந்துபோச்சு. எங்க, தமிழ்ல அர்த்தம் சொல்லுங்கன்னாங்க.

"எப்ப வருவே, என்னால வர முடியாது, எனக்குப் பயமா இருக்கு, என்னால வர முடியாது"ன்னேன்.

"ரொம்ப சரி. யாரு வர முடியாது?"

"என் மருமக."

"எங்க வர முடியாது?"

"அவங்கம்மாகிட்ட."

"அவங்கம்மாவுக்கு எதுக்குப் பயம்?"

"ஆபரேஷன்"னேன்.

சொல்லிட்டேனே தவிர, சொன்னப்பறம்தான் அந்த வார்த்தை எனக்குள்ள போச்சு. பிள்ளைங்க இன்னும் கைதட்டிக்கிட்டிருக்குங்க. டீச்சர் மட்டும் என்னையே பாக்கறாங்க. அவ பேசறப்ப அழுதாளா? அழுதிருக்கா. கண்ணத் துடைச்சுக்கிட்டே பேசினா, மூக்கை உறிஞ்சினா. பூண்டு நெடின்னு நினைச்சேன். நெடின்னு கூட நினைக்கல, நான்தான் ஆ சக்திங்கறது எந்தப் பாடம்னு யோசிச்சுக்கிட்டிருந்தேனே.

ஏன் போக முடியாதுங்கறீங்களா? நானா போகாதேன்னேன்? போன தீபாவளிக்குப் போனாளே, நான் ஒரு வார்த்தை சொல்லலியே. அவ போன மறுநாள் எனக்கு பி.பி. ஏறிடுச்சு. வேணும்னா ஏத்திக்கிட்டேன்? செழியன்கிட்ட பி.பி. ஏறிடுச்சுன்னு சொன்னேன், அவ்வளவுதான். அவகிட்ட சொல்லாதேன்னும் சொன்னேன். அவன் சொல்லிட்டான், அவ பலகாரம் சாப்பிட்ட கையோட திரும்பி வந்துட்டா. வந்ததும் பி.பி. இறங்கிடுச்சு. உடம்பு அப்படி, நான் என்ன பண்ண? இப்ப செழியனும் ஊர்ல இல்ல. என்னைத் தனியா விட்டுட்டுப் போக அவளுக்கு மனசு வரல. அதுக்கு நான் பொறுப்பா சொல்லுங்க?

வீட்டுக்கு வந்தேன். நான் போட்டுட்டு ஓடின பூண்ட உரிச்சு வச்சிருந்தா. "அம்மா, இன்னிக்கு வகுப்பு சீக்கிரம் முடிஞ்சிருச்சா?"ன்னா. கண்ணு சிவந்திருக்கு. போய்ட்டு வாம்மான்னு சொல்லணும். எனக்கு ஏன் சொல்ல வரல? எப்படித் தெரியும்னு கேட்டா? இத்தனை மாசமா உன் பேச்ச ஒட்டுக்கேட்டேன், அதுக்காகவே பிள்ளைங்களோட உக்காந்து படிச்சேன்னு சொல்ல முடியுமா? என் மானம் என்ன ஆறது? ஆனா அந்தக் குரல் இருக்கே, "முஜே டர் லக்தா ஹை." அது என் வயசுக் குரல்தாம்மா. இந்தி தெரியாம இருந்திருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன். தெரிஞ்சு தொலைச்சுட்டுதே.

மறுநாள் காலையில காபியக் கையில வச்சுக்கிட்டுச் சொன்னேன். "நூபுர், நேத்து என் கனவுல மாமனார் வந்தாரும்மா. காசிக்குப் போன்னு சொன்னார்."

அவ மாமனார் படத்தப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. "தாத்தாவா? காசிக்கா?"

"ஆமா. சாமியே இல்லைன்னவர்தான். அங்க போன பிறகு மனசு மாறியிருக்கும்போல. உடனே போகணுமாம். நான் தனியா எப்படிப் போவேன்? பாஷை தெரியாத ஊரு."

அவ உதட்டக் கடிச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் மெதுவா, "காசி ரயில் ஜபல்பூர் வழியாத்தாம்மா போகும்"னா.

"அப்படியா? எனக்கு எங்க தெரியும் அதெல்லாம்?"னேன். "வழியிலேயே இருக்குன்னா இறங்கி சம்பந்தியம்மாவையும் எட்டிப் பாத்துட்டுப் போலாம். நாலஞ்சு நாள் இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. காசி எங்க ஓடிடப்போகுது?"

அவ திரும்பி ஃபிரிட்ஜத் திறந்தா. எதையும் எடுக்கல. திறந்த கதவுக்குப் பின்னால முகத்த வச்சுக்கிட்டு அப்படியே நின்னா. தோள் மட்டும் குலுங்குது. கரண்ட் வீணாப் போகுதேன்னு சொல்ல வந்தேன். சொல்லல. எனக்கே ஆச்சரியம்தான், சொல்லல.

எப்படி என் சாமர்த்தியம்? அவளுக்கு இன்னிவரைக்கும் ஒரு சந்தேகம் கிடையாது. நாளைக்குக் காலையில ஜபல்பூர்ல இறங்கறோம், நாளன்னிக்கு ஆபரேஷன். நாளைக்குத்தான் பிராத்மிக் பரீட்சையும். ஹால்டிக்கெட்கூட வந்துடுச்சு, போட்டோ ஒட்டி. போகட்டும், அடுத்த தடவை எழுதிக்கலாம். என் பக்கத்துல உக்கார்ற பொண்ணுதான் "பாட்டி, நீங்க வரலைன்னா நான் யாரப் பாத்து எழுதறது?"ன்னுச்சு. அவ்வளவு நம்பிக்கை என்மேல.

ஒரே கவலைதான் இப்ப. சம்பந்தியம்மாவப் பாத்ததும் என்ன சொல்றது? எனக்கு நல்லாத் தெரிஞ்சது "ஆப்கா நாம் க்யா ஹை?" ஆஸ்பத்திரில படுத்திருக்கறவங்ககிட்ட போய் உங்க பேரு என்னன்னா கேப்பாங்க? அதனால ரெண்டு வாக்கியம் எடுத்து வச்சிருக்கேன். "டரியே மத்." பயப்படாதீங்க. "ஹம் ஆ ரஹே ஹை." நாங்க வந்துக்கிட்டிருக்கோம். இந்த ரெண்டாவத அங்க போய்ச் சொல்ல முடியாது, அதுக்குள்ள வந்து சேந்திருப்போமே. போறதுக்கு முன்னாலயே சொல்லணும். எப்படிச் சொல்றது? வாயத் திறந்தா குட்டு உடைஞ்சுடுமே. திருச்சிலேர்ந்து இதத்தான் யோசிச்சுக்கிட்டு வர்றேன்.

அய்யோ, வர்றா வர்றா. ஜன்னலப் பாருங்க. ஆமாம்மா, இந்தப் பக்கமெல்லாம் பருத்திதான் அதிகம், நம்ம ஊரு மாதிரி நெல்லு கிடையாது...

இருங்க. கேட்டீங்களா? போன்ல என்ன சொன்னா, கேட்டீங்களா? சாஸூ மா! "சாஸூ மா மேரே சாத் ஹை"ங்கறா. மாமியார் என்கூட இருக்காங்க. என்னைத்தாம்மா! இத்தனை மாசம் கழிச்சு, என்னைப் பத்தி!

என்ன நூபுர்? யாருக்கு? எனக்கா? எங்கிட்ட எதுக்கும்மா போனக் கொடுக்கற, எனக்குத்தான் இந்தி தெரியாதே. என்ன சிரிப்பு? என்னது, தாத்தா சொல்லிட்டாங்களா? எந்தத் தாத்தா?

...

அடிப்பாவி. அந்தப் பென்சில் நீதானா?

சரி சரி, கொடு இங்க. எந்தப் பக்கம் காதுல வைக்கணும்? ஹலோ. ஹாங் ஜி. ஹாங் ஜி. அழறாங்கடி நூபுர், உங்கம்மா அழறாங்க. இரு, நான் சொல்றேன். டரியே மத். டரியே மத், பெஹன்ஜி. ஹம்... ஹம் ஆ ரஹே ஹை.

ஏன்டி, சரியாத்தானே சொன்னேன்?